பனையைத் தேடினால் தென்னைதான் வருது

எங்கட பள்ளிக்கூட வெப்சைற்றில தரம் 4 சுற்றாடல் பக்கத்துக்குப் படம் போடுற வேலை என்னட்டத்தான் கிடக்கு, பாடம் எழுதுறதைவிட படம் தேடத்தான் கனநேரம் போகுது, ஆனா விரும்பித்தான் செய்யிறன்.

கூகிள்ல வாறதை அப்பிடியே சேவ் பண்ணிப் போட்டா என்ன, பிள்ளையளுக்குத்தானே எண்டு ஸ்ராஃப் றூமில கேட்பினம். வகுப்புக்குள்ள காட்டுறது வேற, ஆரும் பாக்கக்கூடின மாதிரி வெப்சைற்றில ஏத்துறது வேற. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்டு எங்கட இலங்கையிலயும் ஒண்டு இருக்கு, படைச்சவர் செத்து 70 வருஷம் வரைக்கும் உரிமை அவையின்ர பக்கம்தான். சட்டத்தை விடுங்கோ, வெய்யிலுக்க நிண்டு படம் எடுத்த ஒரு மனுசன்ர பேரைக்கூடப் போடாமல் எடுக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல.

பிக்சபே, அன்ஸ்பிளாஷ் எண்ட படத் தளங்கள் எல்லாம் ஃப்ரீ, பேர் போடச்சொல்லிக் கட்டாயமும் இல்லை, பூ, மழை, கோள் எண்டால் அதுகளே காணும். பிரச்சினை எங்கட சாமான் தேடேக்கதான். கிணறு எண்டு அடிச்சா கூரை போட்டு வாளி தொங்குற வெளிநாட்டுக் கிணறு வருது. அதைக் காட்டினால் ஒரு பெடியன், "ரீச்சர், இதென்ன வீடோ?" எண்டு கேட்டான். வருஷம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லாத ஊர் இது, சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில கிடக்கிற தண்ணியைக் கிணத்தால எடுத்துத்தான் தோட்டமும் வீடும் நடக்குது, அந்தப் பிள்ளைக்கு அவன்ர கிணறு வெப்சைற்றுப் பக்கத்தில இருக்கவேணும்.

பனையும் அப்பிடித்தான், பாம் ட்ரீ எண்டு போட்டா தென்னையும் ஈச்சையும்தான் வரும். ஆரும் எடுத்துப் பாவிக்கக்கூடின படங்கள் கிடக்கிற விக்கிமீடியா கொமன்ஸில பொராசஸ் ஃபிளபெலிஃபர் (Borassus flabellifer) எண்டு விஞ்ஞானப் பேரை அடிச்சுப் பாருங்கோ, விசிறி மாதிரி ஓலை, கறுத்த காய், நுங்கு எண்டு வரிசையா வரும். 2004இல தொடங்கின அந்த இடத்தில வர்த்தகத்துக்குக் கூடாது எண்டு மறிச்ச படங்களை ஏத்தவே விடமாட்டினம், அதால கொஞ்சம் நிம்மதி. எண்டாலும் ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் லைசன்ஸைப் பாக்கவேணும், கனக்க கிரியேற்றிவ் கொமன்ஸ் (சிசி) எண்ட பொது லைசன்ஸ்தான்: சிசி பை (CC BY) எண்டால் எடுத்தவற்ற பேர், லைசன்ஸ் பேர், லிங்க் மூண்டும் போடவேணும், சிசி பை எஸ்ஏ (CC BY-SA) எண்டால் நீங்கள் மாத்திச் செய்த படத்தையும் அதே லைசன்ஸிலதான் வெளியில விடலாம். கூகிள்லயும் ரூல்ஸ் (Tools) எண்டதுக்க யூசேஜ் ரைற்ஸை (Usage Rights) அமத்தினால் கிரியேற்றிவ் கொமன்ஸ் படங்களை மட்டும் பிரிச்செடுக்கலாம், ஆனா அதை நம்பி அப்பிடியே எடுக்காமல் படம் கிடக்கிற பக்கத்துக்குப் போய் ஒருக்காப் பாக்கிறது நல்லம்.

டவுண்லோட் பண்ணேக்க ஒறிஜினலை அமத்தாதேங்கோ. சில படம் தனிய 8, 10 எம்பி வரும், பிள்ளையள் அம்மான்ர ஃபோன்ல டேற்றா கார்ட் போட்டுத்தான் பாக்குதுகள், வெள்ளை வட்டம் சுத்திக்கொண்டு நிண்டா மூடிப்போட்டுப் போயிடுங்கள். 800 பிக்சல் அகலம் வடிவாக் காணும்.

துலாக்கிணறு மட்டும் நான் நினைச்சமாதிரி ஒண்டும் ஆப்பிடேல்ல. எந்த வளவில இன்னும் துலா நிக்குதெண்டு பிள்ளையளிட்டக் கேட்டிருக்கிறன், வீட்டுக்காரர் ஓமெண்டால் நானே படம் எடுத்துக் கொமன்ஸில ஏத்தப்போறன், மற்றப் பள்ளிக்கூட ரீச்சர்மாரும் எடுக்கட்டும்.