தினமும் ஓட்டத்தான் அந்தப் பழைய வடிவம்

பழைய பாணி ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பார்க்க அழகாக இருக்கிறது, சரி, தினமும் வேலைக்குப் போய்வரத் தாங்குமா? தாராளமாகத் தாங்கும். தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் அந்த வடிவத்தையே உருவாக்கினார்கள். அழகு அதன் பிறகு வந்து சேர்ந்ததுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், இத்தாலியில் விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோவின் பொன்தெதெரா தொழிற்சாலை குண்டுவீச்சில் நாசமாகிக் கிடந்தது. சாதாரண மக்கள் வாங்கி ஓட்டும்படியாக எளிமையான ஒரு வண்டி வேண்டும் என்று முடிவெடுத்து, அந்த வேலையை ஹெலிகாப்டர் வடிவமைத்த பொறியாளரான கொர்ராதினோ தஸ்கானியோவிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. எண்ணெய் துணியில் படுகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது, ஏறி உட்காரவும் வசதியில்லை என்பவை அவருடைய குறைகள். அதனால் எஞ்சினைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வைத்து மூடினார், செயினே இல்லாமல் செய்தார், கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார், காலை மடக்காமல் வைக்கத் தட்டையான தளம் போட்டார். முன்சக்கரத்தை விமானத்தின் தரையிறங்கும் சக்கரம் போல ஒரே பக்கத்தில் தாங்கி நிறுத்தியதால் கழற்றி மாட்டுவது சுலபமானது. 1946 ஏப்ரல் 23 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த வண்டிதான் வெஸ்பா, முதல் மாடல் 98 சிசி. அடுத்த ஆண்டே இன்னோசென்ட்டி நிறுவனத்தின் லாம்ப்ரெட்டா வந்துவிட்டது.

இன்று நாம் ரெட்ரோ என்று ரசிக்கிற ஒவ்வொரு வளைவுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. முன்னால் இருக்கும் அகலமான தகடு சேறும் தண்ணீரும் காலில் அடிக்காமல் தடுக்கிறது. வேலைக்குப் போகிற துணியோடு மழை விட்ட ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் அருமை. காலுக்கு நடுவில் பை நிற்கும். முதுகு நிமிர்ந்து உட்காருவதால் நெரிசலில் முன்னால் நிற்கும் வண்டிகளுக்கு மேலாகவும் பார்க்க முடிகிறது, மணிக்கட்டில் பாரம் விழுவதில்லை. நின்று நின்று நகர்கிற ரோட்டில் உடம்புக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்பது சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் புரியும்.

அதனால் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, கண்ணை ஹெட்லைட்டிலிருந்து எடுத்துவிட்டுக் கீழே பாருங்கள். வட்ட விளக்கும் குரோம் கண்ணாடியும் எந்த வண்டியிலும் ஒட்டவைக்கலாம். தளம் தட்டையாக இருக்கிறதா அல்லது நடுவில் மேடு கட்டிப் பை வைக்க விடாமல் செய்கிறதா, முன் தகடு முழங்காலை மறைக்கிறதா, சீட் நீளமாக, வசதியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பழைய முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய வசதிகளை விட்டுவிட்ட வண்டிகள் நிறைய வருகின்றன, அவற்றில் எனக்கு விருப்பமே இல்லை.

நிஜமான பழைய வண்டியையே வாங்கலாமே என்றால், ஆசை இருப்பவர்கள் வாங்கட்டும். ஆனால் தினமும் ஒரு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது, ஸ்பார்க் பிளக்கில் கரி படிவது, இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக், இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சந்தோஷம், திங்கட்கிழமைக்குப் பாரம். பழைய உருவத்துக்குள் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், முன்னால் டிஸ்க், முடிந்தால் சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ். தினசரி ஓட்டத்துக்கு இந்தக் கலவைதான் என் தேர்வு.

ஓட்டும்போது இரண்டு விஷயங்களுக்குப் பழக வேண்டும். ஒன்று, சின்னச் சக்கரம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலம்தான், பல மோட்டார் சைக்கிள்களில் அது 17. சின்னச் சக்கரம் சட்டென்று திரும்பும், சந்துபொந்தில் அதுதான் சுகம். ஆனால் பள்ளத்தின் விளிம்பில் செங்குத்தாகப் போய் மோதும், பெரிய சக்கரம் உருண்டு ஏறிவிடுகிற இடத்தில் இது உள்ளே இறங்கிவிடும். போதாக்குறைக்கு எஞ்சினும் பின்சக்கரத்தோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடுவதால் பின்பக்கம் குலுங்குவது அதிகம். பார்வையை எப்போதும் கொஞ்சம் தூரத்தில் வைத்து, பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், அதன் மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று கியர் இல்லாத வண்டிகளின் குணம். உள்ளே ஒரு பெல்ட், வேகத்துக்கேற்ப கியர் விகிதத்தைத் தானாக மாற்றும் வேரியேட்டர், தானாகவே பிடிக்கவும் விடவும் செய்கிற கிளட்ச். வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், அப்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, சும்மா உருளும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடாமல் லேசாகப் பிடித்தபடி பின் பிரேக்கை மெதுவாக அழுத்தினால் வண்டி ஆடாமல் நூல் பிடித்தாற்போல் போகும். இது கைவந்துவிட்டால் கால் ஊன்றுகிற வேலையே பாதி குறைந்துவிடும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. டயர் காற்றை மட்டும் அடிக்கடி பாருங்கள், சின்ன டயரில் உள்ளே இருக்கும் காற்றே குறைவு என்பதால் கொஞ்சம் இறங்கினாலும் ஹேண்டில் கனக்கும். பெல்ட், கியர் ஆயில் இரண்டையும் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்குப்படி மாற்றிவிடுங்கள், சத்தமோ வாசனையோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடல் எஃகுத் தகடாக இருந்தால் தளத்தின் ரப்பர் மேட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே.

லீவு நாளில் இதே வண்டி வேறு மாதிரி. பெரிய ஹைவேயில் லாரி கடந்து போகும் காற்றில் சின்னச் சக்கர வண்டி அலையும், அங்கே அதற்கு வேலையில்லை. பக்கத்துச் சின்ன ரோடுகள்தான் அதற்கு உகந்தவை. வேகமாகப் போக வேண்டும் என்ற எண்ணமே வராது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு கத்தாமல் பேசலாம். முன்பின் தெரியாதவர்கள் சிக்னலில் வண்டியைப் பற்றி விசாரிப்பார்கள், அவர்கள் வீட்டில் இருந்த பழைய ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்வார்கள், எனக்கு அதைக் கேட்க அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம், சாமான் வைக்க முன்னால் ஒரு கேரியர் மாட்டலாம் என்று இருக்கிறேன். எஞ்சினும் பின்னால், உட்காருகிறவரும் பின்னால், பெட்டியையும் அங்கேயே மாட்டினால் முன்பக்கம் லேசாகிவிடும். ஹேண்டிலில் தொங்குகிற கூடை என்றால் திரும்பும்போது கூடவே திரும்பி இழுக்கும். முன் தகட்டில் பிடிக்கிற கேரியர்தான் சரி, அதிலும் மழைக்கோட்டு, ஃபிளாஸ்க் மாதிரி கனமில்லாததை மட்டும் வைக்க வேண்டும்.