பத்தரை மணிப் பாட்டு

"அப்படியென்றால் பாட்டு ஏன் இன்னும் போகிறது?"

கேட்டவருக்கு அப்போது 92 வயது. நான் பதில் சொல்லவில்லை. அவருடைய போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

கெயார் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், வேலை செய்பவர்களுக்கு இந்த நினைவு நாள் கூத்தெல்லாம் தெரியும். கொடித் தோரணம், கேக், பழைய பாட்டு. 2015 மே 8, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து 70 வருடம். பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எதையாவது போட்டுவிட்டுப் போகலாம்தான். எனக்கு அது வராது. போர்க்காலத்தில் பிபிசி வானொலி ஒரு நாளை எப்படி நிரப்பியதோ அதே ஒழுங்கில் போட நினைத்து, இரண்டு இரவு இருந்து தேடினேன். காலை பத்தரைக்குத் தொழிற்சாலை ஆட்கள் கை ஓயாமல் வேலை செய்யப் போட்ட இசை நிகழ்ச்சி ‘மியூசிக் வைல் யூ வர்க்’, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்களுக்கான கலைநிகழ்ச்சி ‘வர்க்கர்ஸ் பிளேடைம்’, பொழுதுபடப் பாடகி வேரா லின். வேரா லின் 1941 நவம்பரில் படையினருக்காகத் தொடங்கிய நிகழ்ச்சியைக் கேட்டு, இப்படி உருகினால் சிப்பாய்களின் மனம் இளகிவிடும் என்று மேலிடத்தில் முணுமுணுத்தார்களாம். இதையெல்லாம் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஒரே புழுகம் எனக்கு.

‘மியூசிக் வைல் யூ வர்க்’குக்கு எரிக் கோட்ஸ் அமைத்த முகப்பு இசை தொடங்கியதும் அந்த 92 வயது அம்மாவின் கைகள் மடியில் அசையத் தொடங்கின. இடது கை எதையோ எடுத்தது. வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் அதை இரண்டு தரம் திருகின. பிறகு பக்கத்தில் வைத்தன. மறுபடியும் எடுத்தன. அவருடைய கோப்பில் இருந்தது இவ்வளவுதான்: போர்க்காலத்தில் தொழிற்சாலை வேலை, பாட்டு பிடிக்கும். மனேஜர் என் தோளைத் தட்டி, "பார், எப்படி நினைவு வருகிறது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் டெக்ஸஸ் பற்றிய அந்தப் பாட்டு. நாலு கைதட்டு வருமே, அது. வேலையாட்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுகிறார்கள் என்று ‘மியூசிக் வைல் யூ வர்க்’கில் அதைத் தடுத்து வைத்திருந்தார்கள். நான் கதையைச் சொல்லிவிட்டு, இன்றைக்கு யாரும் தடுக்கமாட்டார்கள், தட்டுங்கள் என்றேன். வழக்கமாக வாயே திறக்காத ஒருவர்கூடத் தட்டினார். அந்த அம்மா மட்டும் தட்டவில்லை. "கையை எடுக்கக்கூடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பதினொன்றரை மணி இருக்கும். என் கையைப் பிடித்து, "இன்னும் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது" என்றேன். பதற்றப்படுகிறவரிடம் அப்படிச் சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி. அப்போதுதான் அந்தக் கேள்வி.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள், அவர்களில் பலர் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்காகப் பதினைந்து பேரின் சந்தோஷத்தைக் கெடுப்பதா? அவரை அறைக்குக் கூட்டிப்போனேன். சரியான முடிவு என்று இன்றும் வாதாடுவேன். கதவைச் சாத்திய பிறகும் பாட்டு உள்ளே கேட்டது, போர்வைக்கு மேல் விரல்கள் திருகிக்கொண்டே இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் வயரைக் கொழுவி ரேடியோ கேட்டோம். வெளிநாட்டில் சொந்தக்காரர் கூடினால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். பெடலைக் கையால் சுற்றியது நான். அவர்களுக்குப் பாட்டு ஞாபகம், எனக்குத் தோள்மூட்டு.

ஆனால் இதுவும் நானாகச் சோடிக்கும் கதையாக இருக்கலாம். பின்னேரம் வந்த மகள், "அம்மா சமைக்கும்போது அந்த மெட்டுகளைத்தான் முணுமுணுப்பார், அவருக்கு உயிர்" என்றார். ஒருவேளை அந்தக் கைகள் சந்தோஷமாகவே வேலை செய்திருக்கலாம். அவர் தன் வேலையைக் கணக்காக முடிக்க நினைத்தார், நான்தான் இடையில் எழுப்பிக்கொண்டு போய்விட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் அடுத்த வருடம் போய்விட்டார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அசல் நிகழ்ச்சி ஒரு தரத்துக்கு அரை மணிதான். போர் நடந்த காலத்திலேயே அவ்வளவுதான். நான் அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டுக் கேக் வெட்டப் போயிருந்தேன்.

2025 மே மாதம் 80ஆவது ஆண்டு. பட்டியல் மறுபடியும் என்னிடமே வந்தது. பத்தரைக்குப் போட்டு, சரியாகப் பதினொன்றுக்கு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினாய் என்று மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள்.