ரத்தத்தில் 7, வீட்டில் 22 ஜன்னல்

பையனுக்கு ஒரு வயது முடிந்த கையோடு மருத்துவரிடம் போனபோது விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நாங்கள் இருக்கும் அமெரிக்க மாநிலமான மாசசூசெட்ஸில் இது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. முதல் பிறந்த நாளுக்குள் ஒரு தடவை, அப்புறம் இரண்டு வயதில், மூன்று வயதில். தடுப்பூசிக்கு அவன் போட்ட கூப்பாட்டில் இதை நான் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. நாலு நாள் கழித்து நர்ஸ் ஃபோனில் கூப்பிட்டு, லெட் (காரீயம்) அளவு 9 வந்திருக்கிறது, விரலில் ஒட்டியிருந்த தூசி சொட்டில் கலந்திருந்தாலும் இப்படிக் காட்டும், கை நரம்பில் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார். எடுத்தோம். 7.

அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 7 மைக்ரோகிராம் காரீயம். 2021-லிருந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 3.5-ஐத் தாண்டினாலே கவனி என்கிறது. ஆனால் மாசசூசெட்ஸ் கணக்கில் 10 வந்தால்தான் விஷம் ஏறியது என்று பெயர், அப்போதுதான் மாநில இன்ஸ்பெக்டர் தானாக வீட்டுக்கு வருவார். 5 முதல் 9 வரை ‘கவலைக்குரியது’. கவலை யாருக்கு? நமக்குத்தான். மருந்து கொடுத்து இறக்கும் சிகிச்சையெல்லாம் 45 அளவுக்குப் போனால் செய்வது. 7-க்கு மருந்து கிடையாது, எங்கிருந்து வருகிறதோ அதைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள், இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள சாப்பாடு கொடுங்கள், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நர்ஸ் ஒரு கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊரிலிருந்து மசாலா வருமா, கண் மை வைப்பீர்களா, குங்குமம் உண்டா, பித்தளைப் பாத்திரம் உண்டா. அப்போதுதான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கும்பகோணத்திலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய ஈயச் சொம்பில்தான் எங்கள் வீட்டில் தினமும் ரசம். ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, லெட் என்பது காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகம். ஆனால் நாம் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம், கடைக்காரரும் சில சமயம் இரண்டையும் சேர்த்தே உருக்கிவிடுகிறார். அன்றைக்கே சொம்பு அலமாரி மேல் தட்டுக்குப் போனது. மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் கலப்பார்கள் என்று கேட்டதிலிருந்து, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் தூளும் குப்பைக்குப் போனது.

ஆனால் முதல் சந்தேகம் வீட்டின் மேல்தான் இருந்திருக்க வேண்டும். எங்களுடையது 1915-இல் கட்டிய இரண்டு குடும்ப மர வீடு, பழைய மில் நகரம் ஒன்றில். கீழே நாங்கள், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் லெட் கூடாது என்று தடை வந்தது 1978-இல். அதற்கு முன் அறுபது வருடம் இந்த வீட்டுக்கு எத்தனை கோட் அடித்தார்களோ. (நம் ஊரிலும் பெயின்ட்டில் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் லெட் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, பழைய ஜன்னல் கம்பியைச் சுரண்டி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தால் இப்போது எனக்குக் கை பரபரக்கிறது.) குழந்தை சுவரை நக்கினால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன், அது பாதிதான் உண்மை. மேலும் கீழும் தூக்கி இறக்கும் பழைய மர ஜன்னலைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மரத்தோடு மரம் உரசி, பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத தூசியாகத் தரையில் விழுகிறது. தவழும் பிள்ளை அதில் கை வைக்கும், கை வாய்க்குப் போகும்.

தெரிந்தவர் ஒருவர், அவரும் வீடு வைத்திருப்பவர்தான், சோதனை மட்டும் செய்துவிடாதே என்றார். செய்தால் அது பதிவாகிவிடும், நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும், தெரியாமல் இருப்பதே நல்லது என்பது அவர் கணக்கு. இந்த மாநிலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 1971-லிருந்து இங்கே இருக்கும் லெட் சட்டப்படி, 1978-க்கு முந்தைய வீட்டில் ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை வசித்தால் அபாயத்தை நீக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு, தெரியாது என்று தப்பிக்க முடியாது. மேல் மாடியில் வாடகைக்கு இருக்கும் அம்மாவோடு அவர் பேரன் இருக்கிறான், மூன்று வயது. அவனுக்கு ஏதாவது ஆனால் அது என் தலையில்தான்.

சரி, செலவு? ஒரு ஒப்பந்தக்காரர் சும்மா பார்த்துவிட்டு முப்பதாயிரம் டாலருக்குக் குறையாது என்றார். என் கணவர் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன், நான் வேலைக்குப் போகவில்லை. மாநிலத்தின் மாஸ்ஹவுசிங் அமைப்பு ‘கெட் தி லெட் அவுட்’ என்று இதற்கென்றே ஒரு கடன் திட்டம் வைத்திருக்கிறது. குறைந்த வருமானத்தில் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வட்டி இல்லை, வீட்டை விற்கும்போதோ வீட்டுக் கடனை மாற்றும்போதோ திருப்பிக் கட்டினால் போதும். அதற்குப் போகத் தயாராக இருந்தபோதுதான் குழந்தை மருத்துவமனையின் சமூக சேவகர், முதலில் நகராட்சியைக் கேளுங்கள், மத்திய அரசு மானியம் இருக்கலாம் என்றார்.

ஹட் என்கிற மத்திய வீட்டுவசதித் துறை, 1992-இல் வந்த சட்டத்தின் பேரில் லெட் நீக்கப் பணம் கொடுக்கிறது. நேரடியாக நம்மிடம் அல்ல. நகரங்களும் மாநிலங்களும் போட்டி போட்டு விண்ணப்பித்துச் சில வருடங்களுக்கான தொகையை வாங்குகின்றன, அதிலிருந்து வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதனால் பக்கத்து ஊரில் இருக்கும் மானியம் உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம், போன வருடம் இருந்தது இந்த வருடம் தீர்ந்திருக்கலாம். எங்கள் ஊரில் இருந்தது. தேவைப்பட்டவை: வீடு 1978-க்கு முந்தையதாக இருக்க வேண்டும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டும், குடும்ப வருமானம் அந்தப் பகுதியின் நடு வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு வரியும் தண்ணீர் வரியும் பாக்கி இருக்கக் கூடாது, வீட்டுக்குக் காப்பீடு வேண்டும். நாங்கள் குடியுரிமை வாங்கிவிட்டதால் விசா பற்றிய யோசனை இல்லை. விசாவில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

2024 மார்ச் முதல் வாரம் விண்ணப்பம் கொடுத்தேன். இரண்டு வருட வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், ரத்தப் பரிசோதனை முடிவு, எல்லாம் ஒரு கட்டு. மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது: இந்த மூன்று பேரும் ஒரே குடும்பம் என்பதற்கு என்ன ஆதாரம்?

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், கணவர் பெயருக்குப் பின்னால் அவர் அப்பா பெயர், பிள்ளை பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். போதாததற்குப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் வங்கியில் இனிஷியலோடும் இருக்கிறது. நமக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை, அவர்களுக்கு மூன்று அந்நியர்கள் ஒரே வீட்டில். திருமணச் சான்றிதழும், இவரும் அவரும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய பிரமாணமும் கொடுத்து முடிக்க ஏப்ரல் பாதி ஆகிவிட்டது. நம் ஆட்கள் இதை முதல் நாளே கட்டோடு சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது ஓவர்டைம். அவர்கள் பார்ப்பது கைக்கு வரும் சம்பளம் அல்ல, பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம், அதுவும் வரும் பன்னிரண்டு மாதத்துக்கு எவ்வளவு வரும் என்ற கணிப்பு. நாங்கள் கொடுத்த சீட்டுகளில் ஆள் பற்றாக்குறையால் இவர் கூடுதலாக உழைத்த ஆறு வாரமும் விழுந்துவிட்டது, அதை வருடம் முழுவதற்கும் பெருக்கியதில் வரம்பைத் தாண்டிவிட்டோம். நிராகரிப்புக் கடிதத்தையே பார்த்துவிட்டோம். ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைக் கழிக்க முடியாதா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன், முடியாது. ஆனால் அந்த ஓவர்டைம் நிரந்தரமல்ல என்று வேலை இடத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்தால் திரும்பக் கணக்குப் போடுவோம் என்றார்கள். இதை நிராகரிக்கும் முன்பே ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். ஒரு மாதம் போனது.

மேல் மாடி அம்மாவின் வருமானச் சான்றும் வேண்டும் என்றதும் அவர் கதவைச் சாத்திவிட்டார். போர்த்தோரிக்கோக்காரர், பத்து வருடமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். நான் எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்று வீட்டுக்காரி எதற்குப் பார்க்க வேண்டும், வாடகையைக் கூட்டத்தானே என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் அவருடைய காகிதங்களை அவரே ஒட்டிய உறையில் நேராக அலுவலகத்தில் கொடுப்பது என்று முடிவானது.

இதற்கிடையில் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டான். பிடித்து எழுந்து நிற்க அவனுக்குப் பிடித்த இடம் எது? முன் அறை ஜன்னல் கட்டை. அதன் மேல் ஒட்டுத் தாள் ஒட்டினேன், அந்தப் பக்க ஜன்னலைக் கோடை முழுக்கத் திறக்கவே இல்லை. துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்திவிட்டு ஈரத் துணியால் துடைத்தேன், ஒரு நாளைக்கு இரண்டு முறை. பொம்மைகளைக் கழுவினேன். காகிதம் அலுவலகத்தில் நகரும் வேகத்துக்குக் குழந்தை காத்திருக்காது, அந்த மாதங்களில் மானியத்தைவிட இந்தத் துடைப்புதான் காப்பாற்றியது என்பேன். மே மாதப் பரிசோதனையில் லெட் அளவு 6.

ஜூலையில் ஒப்புதல், ஆகஸ்ட்டில் இன்ஸ்பெக்டர். கையில் எக்ஸ்.ஆர்.எஃப். என்ற, பெயின்ட்டில் லெட் அளக்கும் துப்பாக்கி மாதிரி கருவி, அதைக் கதவு, ஜன்னல், படிக்கட்டு, திண்ணை என்று ஒவ்வொன்றிலும் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டே போனார். சதுர சென்டிமீட்டருக்கு 1.0 மில்லிகிராம் என்பது எல்லை, எங்கள் ஜன்னல்களில் பலவும் அதைப் பல மடங்கு தாண்டின. 22 ஜன்னலும் போக வேண்டும் என்றார். அதற்காக வீடு முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. உரியாமல் கெட்டியாக இருக்கும் சுவர்ப் பெயின்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். உரசுவதும் உதிர்வதும்தான் பிரச்சினை. போகிற போக்கில் சொம்பையும் நீட்டினேன். சிரித்துக்கொண்டே, இந்தக் கருவி பெயின்ட்டுக்கு அளவு செய்தது, உலோகப் பாத்திரத்துக்கு இதில் வரும் எண்ணை நம்பாதீர்கள் என்றார்.

வேலைக்கு 38 ஆயிரம் டாலர். உரிமம் பெற்றவர்களிடம் விலை கேட்டு ஆளை முடிவு செய்தது நகராட்சிதான். பின் திண்ணையில் ஒரு பகுதி மட்டும் மானிய வரம்புக்குள் வரவில்லை, அந்த 2,600 டாலர் கைக்காசு. (மாநில வருமான வரியில் லெட் நீக்கியதற்குக் குடியிருப்பு ஒன்றுக்கு 3,000 டாலர் வரை கழிவு உண்டு, அதில் இதைத் திரும்ப வாங்கிவிட்டோம்.) மானியம் என்றாலும் வீட்டின் மேல் ஐந்து வருடத்துக்கு ஒரு பிணை (லியன்) பதிவாகும். அதற்குள் விற்றால் மீதியைத் திருப்பிக் கட்ட வேண்டும், வாடகையையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. கையெழுத்துப் போடும் முன் இவர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை, வீட்டை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் பத்து நாள் இரண்டு குடும்பமும் வெளியே. விடுதிச் செலவு திட்டத்திலேயே வந்தது, சமையல் மட்டும் ஒற்றை மின் அடுப்பில். வேலை முடிந்த பின் தரையிலும் ஜன்னல் கட்டையிலும் தூசியை ஒற்றி ஆய்வுக்கு அனுப்பினார்கள். பின் அறையில் ஒரு ஜன்னல் தேறவில்லை, மறுபடி கழுவி மறுபடி ஒற்றி இன்னும் மூன்று நாள். சட்டப்படி லெட் அபாயம் நீக்கியாயிற்று என்ற இணக்கக் கடிதம் டிசம்பரில் கைக்கு வந்தது. இரண்டு வயதுப் பரிசோதனையில் பையனுக்கு 3.

போன மாதம் மேல் மாடி அம்மா கீழே இறங்கி வந்தார். இரண்டு தெரு தள்ளி அவர் மகள் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறாள், எட்டு மாதக் கைக்குழந்தை, என்னென்ன காகிதம் வேண்டும் எழுதிக் கொடு என்றார். குழந்தையின் ரத்தப் பரிசோதனை வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி, உட்கார்ந்து வரிசையாக எழுதிக் கொடுத்தேன். நோட்டரி பிரமாணத்தை மட்டும் எழுதவில்லை, அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான்.