4எச் லைட் மின்னிக்கொண்டே இருந்தால்: பழைய டபுள் கெப்பில் போர்வீலைப் பார்க்கும் முறை

பழைய டபுள் கெப்பில் போர்வீல் (நான்கு சில்லும் இழுக்கும் முறை) சுவிட்சைத் திருப்புகிறோம். 4எச் (நான்கு சில்லும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) லைட் மின்னத் தொடங்குகிறது, நிற்கிற பாடில்லை. உடனே பலர் கேட்பது, "பஞ்சிகாவத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கொன்ட்ரோல் யூனிட் என்ன விலை போகும்?" என்பதுதான். போர்வீலுக்குக் கட்டளை கொடுக்கும் அந்த மின்பெட்டி கெபினுக்குள் காய்ந்த இடத்தில் இருக்கிறது. அது பழுதாவது அரிது. பழுதாவதெல்லாம் சேறும் தண்ணீரும் சூடும் படுகிற கீழ்ப்பக்கத்துப் பொருட்கள்: மோட்டர், எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பொசிஷன் சுவிட்ச், வயர், வெக்யூம் (உறிஞ்சுவிசை) குழாய். கொழும்பு வாகனங்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. வருடக்கணக்காகக் காலி வீதியில் 2எச்சிலேயே (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) ஓடினால், இணைப்பை நகர்த்தும் கவையான ஷிஃப்ட் ஃபோர்க் நகரும் தண்டு ஒரே இடத்தில் நின்று இறுகிப்போகும். கடற்கரைப் பக்கம் நிறுத்தப்படும் வாகனம் என்றால் உப்புக்காற்று கனெக்டர் பின்களில் பச்சை பூக்க வைக்கும்.

எல்லா மொடலும் ஒன்றல்ல. புஷ் பட்டன் வைத்த முதல் தலைமுறை டி-மெக்ஸ், டயல் வைத்த நவாரா டி40 போன்றவற்றில் ட்ரான்ஸ்பர் பொக்ஸையே (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் கொடுக்கும் பெட்டி) மோட்டர்தான் மாற்றுகிறது. ஹைலக்ஸ் விகோவில் லீவர் இருந்தாலும், முன் டிஃபரென்ஷியலில் (இரு முன் சில்லுகளுக்கும் இழுவையைப் பகிரும் பற்சக்கரத் தொகுதி) அச்சை இணைப்பது ஒரு சிறிய மின்மோட்டர். எல்200 ட்ரைட்டனில் அந்த வேலையை வெக்யூம் செய்கிறது. அதைத் திறந்து மூடுவது மின் சொலனோயிட்கள் (மின்காந்த வால்வுகள்). எதுவானாலும் வேலை நடக்கும் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றே: சுவிட்ச் கட்டளை கொடுக்கும், யூனிட் நிபந்தனைகளைப் பார்க்கும், ட்ரான்ஸ்பர் மாறும், முன் அச்சு இணையும், இணைந்ததை ஒரு சுவிட்ச் திருப்பிச் சொல்லும். அந்தக் கடைசிப் பதில் வரும்வரை லைட் மின்னும். ஆகவே மின்னுவது என்றால் கட்டளை போயிருக்கிறது, பதில் வரவில்லை. லைட்டே எரியாவிட்டால் பியூஸ், சுவிட்ச், யூனிட்டுக்குப் போகும் மின்சாரம் ஆகியவற்றில் தொடங்குங்கள்.

எதையும் கழற்றும் முன் டயரைப் பாருங்கள். இவை முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசத்தை அனுமதிக்கும் சென்டர் டிஃபரென்ஷியல் இல்லாத, தேவையானபோது மட்டும் போடும் பார்ட்-டைம் போர்வீல்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். 245/70ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 749 மில்லிமீற்றர். 265/70ஆர்16 ஏறத்தாழ 777. பின்னுக்கு மட்டும் பெரியதைப் போட்டால் வித்தியாசம் 3.7 வீதம். ஒரே அளவு டயர் என்றாலும், முன்னுக்குப் புதிதும் பின்னுக்கு 6 மில்லிமீற்றர் தேய்ந்ததும் இருந்தால் விட்டத்தில் 12 மில்லிமீற்றர் குறையும். இந்த வித்தியாசத்தோடு ஓடிக்கொண்டே 4எச் போட்டால் இணைக்கும் வளையமான ஸ்லீவின் பற்கள் பொருந்தத் தடுமாறும். ஒருமுறை இணைந்துவிட்டால் கழரவும் மாட்டாது. 2எச்சுக்குத் திருப்பியும் லைட் அணையாவிட்டால், நேராகச் சில மீற்றர் ரிவர்ஸில் போய்ப் பாருங்கள். முறுக்கு விட்டதும் அணைந்தால் அங்கே பழுதே இல்லை. காய்ந்த தார் வீதியில் போர்வீல் போட்டதுதான் பிழை.

அடுத்தது பெற்றரி. என்ஜின் நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள். பலவீனமான பெற்றரியில் ஷிஃப்ட் மோட்டர் பாதி வழியில் நின்றுவிடும். யூனிட் அதை மோட்டர் பழுது என்று பதிந்து வைத்துக்கொள்ளும். 4எல் (நான்கு சில்லும் மெதுவாக, அதிக வலுவோடு இழுக்கும் நிலை) மட்டும் விழவில்லை என்றால் மோட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். 4எல்லுக்கு வாகனம் முற்றாக நிற்க வேண்டும். பெரும்பாலான மெனுவல்களில் கிளட்ச் முழுதாக மிதிபட வேண்டும், ஓட்டோவில் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கிளட்ச் பெடல் சுவிட்சோ நியூட்ரல் சுவிட்சோ செத்திருந்தால் யூனிட் கட்டளையை ஏற்கவே ஏற்காது. சிறிய சுவிட்ச் ஒன்றுக்காக ட்ரான்ஸ்பர் பொக்ஸ் இறக்கப்பட்ட கதைகள் கராஜ்களில் ஏராளம்.

இனிக் காதால் பார்க்கும் சோதனை. சமதரையில் பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக் இழுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை: 4எல்லுக்கு மாறும் வழியில் ட்ரான்ஸ்பர் பொக்ஸ் நியூட்ரலைக் கடக்கும். அங்கே மாட்டிக்கொண்டால் கியர் போட்டிருந்தாலும், ஓட்டோவில் பி-யில் இருந்தாலும், வாகனம் தானாக உருளும். கட்டை வைத்தபின் ஒருவர் சுவிட்சைத் திருப்ப, மற்றவர் பக்கத்தில் நின்று ட்ரான்ஸ்பர் பொக்ஸ் பக்கம் காது கொடுக்கட்டும். ஓரிரு விநாடி 'கிர்ர்' என்று ஓடி நின்றால் மோட்டர் சுற்றுகிறது. 'டக்' என்று மட்டும் கேட்டால் ரிலே இழுக்கிறது, மோட்டர் அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லையென்றால் கனெக்டரில் மல்டிமீற்றரை வைத்து, திருப்பும் கணத்தில் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது, ஆனால் 9, 10 தான் காட்டுகிறது என்றால் வயரில் எங்கேயோ துரு. பெற்றரி மைனஸிலிருந்து மோட்டர் ஏர்த் வரை, மோட்டர் ஓட முயலும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது. வயரிங் பாஸ்மார் சிலர் டெஸ்ட் பல்ப் எரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். சிறிய பல்ப் ஒரு நூலிழை செம்பிலும் எரியும், மோட்டர் ஓடாது.

மோட்டர் ஓடுகிறது, லைட் இன்னும் மின்னுகிறது. இப்போது ட்ரான்ஸ்பரா, முன் அச்சா என்று பிரிக்க வேண்டும். அச்சைப் பிரித்து இணைக்கும் பொறி உள்ள வாகனங்களுக்கு இந்த வழி. ஈரமான புல் அல்லது கிரவல் தரையில் மெதுவாக நேராக ஓடி 4எச் போடுங்கள், நிறுத்துங்கள், என்ஜினை அணையுங்கள். சுவிட்சைத் தொட வேண்டாம். கெட்டியான தரையில் பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன் இரண்டு சில்லையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. வலது சில்லைக் கையால் சுற்றுங்கள். இடது அசையாமல் வலது மட்டும் இலகுவாகச் சுற்றினால் முன் அச்சு இணையவில்லை. இடது எதிர்ப்பக்கம் சுற்றினால் அச்சு இணைந்திருக்கிறது. பிறகு ஒருவர் இடது சில்லை இறுக்கிப் பிடிக்க, வலதைத் திருப்பிப் பாருங்கள்: சிறிய ஆட்டத்தோடு நின்றுவிட்டால் ட்ரான்ஸ்பரும் இணைந்திருக்கிறது, முன் புரொப் ஷாஃப்ட் (ட்ரான்ஸ்பரிலிருந்து முன் டிஃபரென்ஷியலுக்குப் போகும் தண்டு) கூடவே சுற்றினால் ட்ரான்ஸ்பர் இணையவில்லை. இரண்டும் இணைந்தும் லைட் மின்னினால், மிச்சம் இருப்பது பதில் சொல்லும் சுவிட்சும் அதன் வயரும்தான். ஸ்கேனர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். இதற்கு மலிவான ஓபிடி ரீடர் (பழுதுக் குறியீடு வாசிக்கும் கருவி) வாங்கி ஏமாற வேண்டாம். அவற்றில் பல என்ஜின் பழுதுக் குறியீட்டை மட்டுமே வாசிக்கும்.

வெக்யூம் வகையில் முன் அச்சு இணையாவிட்டால் குழாயில் தொடங்குங்கள். டீசல் என்ஜினில் வெக்யூமுக்குத் தனிப் பம்ப் உண்டு; பல ஜப்பானிய டீசல்களில் அது ஓல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பிரேக் பூஸ்டரும் அதையே நம்பியிருப்பதால், பிரேக் பெடலும் கல்லாக இருக்கிறதென்றால் பம்ப் அல்லது முதன்மைக் குழாய்தான் சந்தேகத்துக்குரியது. அப்படியான வாகனத்தை ஓட்ட வேண்டாம். என்ஜின் சூட்டில் சிறிய ரப்பர் குழாய்கள் முனையில் பப்படம்போல நொறுங்கும். முனையில் அரை அங்குலம் வெட்டிவிட்டு மீண்டும் செருகுவது பலமுறை போதும். கழற்றும் முன் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்கை நகர்த்தும் அக்சுவேட்டரில் இரண்டு குழாயும் இடம் மாறினால் 2எச்சில் அச்சு இணையும், 4எச்சில் கழரும். அக்சுவேட்டரில் கைப்பம்பால் 400 முதல் 500 மில்லிமீற்றர் மேர்க்கூரி வரை இழுத்து ஒரு நிமிடம் விடுங்கள். ஊசி இறங்கினால் உள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வான டயப்ரம் கிழிந்திருக்கிறது. ஊசி நிற்கிறது, தண்டு நகரவில்லை என்றால் ஃபோர்க் இறுகியிருக்கிறது. புதிய அக்சுவேட்டர் போட்டும் பயனில்லை. சொலனோயிட் 'டிக்' என்று அடிப்பதும் சான்றல்ல. உள்ளே தூசி அடைத்திருந்தாலும் சத்தம் வரும். வெக்யூம் மறுபக்கம் போகிறதா என்பதே கேள்வி.

மின்மோட்டர் வகையில் மோட்டரைக் கழற்ற வேண்டி வந்தால் 2எச்சில் வைத்து, தண்டிலும் உடலிலும் பெயின்ட் கோடு போட்டுக் கழற்றுங்கள். மோட்டர் ஒரு பொசிஷனிலும் தண்டு இன்னொன்றிலும் இருக்கப் பூட்டினால் யூனிட்டுக்குப் போகும் தகவல் பொய்யாகிவிடும். மோட்டருக்குள் இருக்கும் செம்புத் தொடுபலகையில் கறுப்புப் படிந்திருந்தால் கொன்டாக்ட் கிளீனரும் மென்துணியும் போதும். எமரிப் பேப்பர் போட்டால் மெல்லிய செம்பு போய்விடும். மோட்டர் கழன்றிருக்கும்போதே தண்டைக் கையால் திருப்பிப் பார்க்க மறக்க வேண்டாம். அது இறுகியிருந்தால் அடுத்த மோட்டரும் எரியும்.

வெள்ளத்தில் நின்ற கெப்புகளுக்கு ஒரு குறிப்பு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் எத்தனையோ வாகனம் அச்சளவு தண்ணீரில் நின்றது. அத்தகைய வாகனத்தை வாங்கியிருந்தால் முன் டிஃபரென்ஷியலின் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஒயில் பால்நிறம் என்றால் காற்றுப் போகும் பிரீதர் குழாய் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. ஃபோர்க் துருப்பிடித்ததற்கும் அதுவே காரணமாகலாம். முன் டிஃபரென்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 தரக் கியர் ஒயில். ட்ரான்ஸ்பர் பொக்ஸ் சிலதில் ஏடிஎஃப் (ஓட்டோ கியர் ஒயில்), சிலதில் கியர் ஒயில். வாகனக் கைநூலைப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

பாவித்த மோட்டர் வாங்கப் போனால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். கனெக்டர் பின் எண்ணிக்கை, தண்டின் பல் வடிவம், போல்ட் துளைகள் மூன்றும் பொருந்த வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து உள்ளே வேறானவை உண்டு. கடையிலேயே பியூஸ் போட்ட வயரால் மோட்டரின் இரண்டு தடித்த வயர்களுக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்து இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். மெல்லியவை பொசிஷன் வயர்கள், அவற்றுக்கு நேரே கொடுத்தால் அங்கேயே எரிந்துவிடும். செக்கிங் வாரண்டி (பூட்டிப் பார்க்கக் கொடுக்கும் உத்தரவாதம்) எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கொன்ட்ரோல் யூனிட்டின் விலையைக் கேட்பது, இவை அத்தனையும் சரியாக இருந்தும் மோட்டர் கனெக்டருக்குக் கட்டளை வராதபோது மட்டும்.