உப்புக்காற்றும் அம்பாசிடரின் ஸ்டியரிங்கும்

மண்டபத்தில் நாங்கள் வைத்திருக்கும் பழைய அம்பாசிடர், பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதெல்லாம் அலையத் தொடங்கியது. ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. டயரில் காற்று குறைவு என்றே முதலில் நினைத்து ஏமாந்தேன்.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிடித்து ஆட்டியபோது, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டான டை ராடின் முனையில் உள்ள பால் ஜாயிண்ட் (குமிழ் மூட்டு) ‘டக்’ என்று ஒலித்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரியும் ஆட்டம் பெரும்பாலும் பேரிங்கைச் சேர்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம் வீண். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த இவ்வண்டியின் ஸ்டியரிங் ரேக் அண்ட் பினியன் வகையைச் சேர்ந்தது; அதாவது, சிறு பற்சக்கரம் (பினியன்) சுழன்று, பற்கள் கொண்ட தண்டை (ரேக்) இடமும் வலமும் நகர்த்தும். ரேக்கின் ரப்பர் உறை வெடித்து, எண்ணெய் கசிந்து, தனுஷ்கோடி மணல் உள்ளே புகுந்திருந்தது; பற்கள் அதிகம் தேயாதது என் அதிர்ஷ்டம்.

உப்புக்காற்றில் இறுகிய நட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தேன். பழைய முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, புதியதையும் அதே அளவு முறுக்கினேன். அப்படிச் செய்தாலும் சக்கரங்களின் கோணம் தோராயமாகவே அமையும் என்பதால், நட்டு கழலாமல் காக்கும் புதிய ஸ்பிலிட் பின்னும் புதிய உறையும் மாட்டி, கியர் ஆயில் நிரப்பி, இராமநாதபுரம் வரை மெதுவாக ஓட்டிச் சென்று வீல் அலைன்மென்ட் பார்த்தேன்.