சார்லி சுமந்த சாக்கு

போர் காமிக்ஸில் வீரம் என்றால் பெரும்பாலும் ஒற்றை ஆளாகப் பாய்ந்து எதிரியின் பதுங்குகுழியைத் தகர்க்கும் சார்ஜென்ட்தான். அந்தக் கதைகளையும் விரும்பிப் படிக்கிறவன் நான். ஆனாலும் என் மனசில் முதலிடம் ‘சார்லி'ஸ் வார்’ தொடருக்குத்தான்.

பிரிட்டனின் ‘பேட்டில்’ காமிக்ஸ் வார இதழில் 1979 ஜனவரியில் தொடங்கிய, முதல் உலகப் போரைப் பற்றிய தொடர் அது. (தமிழ் காமிக்ஸில் நாம் படித்த இரும்புக்கை மாயாவி பிறந்த ‘வேலியன்ட்’ இதழை 1976-இல் இந்த பேட்டிலோடுதான் சேர்த்தார்கள். அந்த வகையில் நமக்கும் தூரத்துச் சொந்தம்.) கதை பேட் மில்ஸ், ஓவியம் ஜோ கஹூன். கஹூன் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். சேறு, முள்கம்பி, எலி, களைத்த முகம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் அவர் இழைத்திருப்பதைப் பார்த்தால், வாரம் தவறாமல் எப்படி வரைந்து கொடுத்தார் என்று மலைப்பாக இருக்கிறது.

சார்லி போர்னுக்குப் பதினாறே வயது. வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்கிறான். 1916 ஜூலை 1, பிரான்ஸின் சோம் போர்முனை. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய சாவை மில்ஸ் நமக்குக் காட்டுவது இந்தப் பையனின் கண் வழியாக. வீட்டுக்கு அவன் எழுதும் கடிதங்களில் எழுத்துப்பிழைகள் மலிந்திருக்கும். “நலம், கவலை வேண்டாம்” என்கிற தொனியில் கடிதம் ஓடும். பக்கத்திலேயே படம் வேறொன்றைக் காட்டும்.

அவனுடைய உயிர் நண்பன் ஜிஞ்சர். எந்நேரமும் புலம்பிக்கொண்டே கூட வருகிறவன். எந்தச் சாகசமும் செய்யாமல், ஒரு நொடியில், குண்டு விழுந்து போய்விடுகிறான். மிஞ்சியதை ஒரு சாக்கில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு சார்லி நடக்கிறான். சிறுவர் பத்திரிகையில் இதை அச்சிட்டார்கள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. நட்பைப் பற்றி இதைவிட உண்மையான பக்கங்களை நான் எந்தக் காமிக்ஸிலும் பார்த்ததில்லை.

அடுத்து லெப்டினன்ட் தாமஸ். தன் ஆட்கள் வீணாகச் சாகக்கூடாது என்று பின்வாங்க உத்தரவிட்ட அதிகாரி. கோழை என்று ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதிக்கிறது. சுடும் அணியில் சார்லியும் அவன் தோழன் வீப்பரும் நிறுத்தப்படுகிறார்கள். இருவரும் சுட மறுக்கிறார்கள். மறுத்தாலும் தாமஸ் பிழைக்கப் போவதில்லை, தண்டனை தங்களுக்குத்தான் என்று தெரிந்தே மறுக்கிறார்கள். பீரங்கிச் சக்கரத்தில் கட்டிவைக்கப்படுகிறார்கள். எதிரியை நோக்கி ஓடுவதைவிட இந்த மறுப்புக்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும் என்பேன்.

நிஜத்தில் அப்படிச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களுக்கு 2006-இல்தான் மன்னிப்பு வந்தது. மில்ஸும் கஹூனும் பள்ளிப் பையன்களுக்கு இந்த அநியாயத்தைச் சொல்லி அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

மில்ஸ் எழுதிய கதை முழுவதும் இப்போது மூன்று பெரிய தொகுப்புகளாகக் கிடைக்கிறது. கையில் கிடைத்தால் வரிசையாகப் படியுங்கள். அந்தக் கடிதங்களை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.