லண்டன் மாலை வகுப்பில் தத்துவம்: பாளை, தென்காசிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு

மகன் வீட்டுக்கு வந்து பகலெல்லாம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களும், ஐ.டி. வேலை முடிந்த பிறகு தலைக்கு வேறு தீனி தேடும் இளையவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: இங்கே தத்துவம் எங்கே சொல்லித் தருகிறார்கள், நம்மால் தாக்குப்பிடிக்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் நெல்லையப்பர் கோயிலில் சொற்பொழிவு கேட்ட பழக்கத்தோடு மட்டும் போனால் முதல் சில வாரம் திணறும். இங்கே கேட்பது பாதி, மறுத்துப் பேசுவது பாதி.

காசு செலவில்லாமல் தொடங்க கிரஷாம் கல்லூரி நல்ல இடம். 1597 முதல் பொதுமக்களுக்கு இலவச உரை நடத்தி வருகிறார்கள். தத்துவத்துக்கென்று பழைய பேராசிரியர் பதவி அங்கே இல்லை. வானியல், சட்டம், இறையியல் என்று ஏழு துறைகளோடு தொடங்கியது. ஆனாலும் தத்துவத்தைத் தொடும் உரைகள் வரும். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். 1925-ல் தொடங்கிய ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஃபிலாசஃபியும் இலவச உரைகள் நடத்துகிறது. உரை முடிந்ததும் கேள்வி நேரம். ஒரே கேள்வி, அரை நிமிடத்துக்குள். பட்டிமன்றத் தலைவர் மாதிரி முன்னுரை போட்டால் அரங்கம் நெளியும்.

வகுப்பு என்றால் கோவென்ட் கார்டனில் உள்ள சிட்டி லிட் என்ற கல்லூரி. 1919-ல் பெரியவர்களுக்காகவே தொடங்கியது. பட்டமே வேண்டும் என்றால் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பர்க்பெக் கல்லூரி. மாலையில் பாடம் நடத்துவதற்குப் பேர்போனது. ஓய்வு பெற்றவர்களுக்கு யு3ஏ (யுனிவர்சிட்டி ஆஃப் தி தேர்ட் ஏஜ்) என்ற குழுக்கள் உண்டு. அங்கே ஆசிரியர் கிடையாது, உறுப்பினர்களே மாறி மாறி நடத்துவார்கள். பெரும்பாலும் பகலில்தான் கூடுவார்கள். இருட்டில் தனியே திரும்பத் தயங்குகிறவர்களுக்கு அதுவே தோது.

பணம் கட்டும் முன் விசாவைப் பாருங்கள். பார்வையாளராக வந்தவர் பொழுதுபோக்கு வகுப்பில் 30 நாளுக்கு மேல் சேர முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் என்றால் 6 மாதம் வரை படிக்கலாம். பத்து வார வகுப்பு இதில் எந்தப் பக்கம் வரும் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு உதவி பெறும் கட்டணத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் குடியிருப்பு கேட்பார்கள். 60 வயது கடந்த லண்டன்வாசிகளுக்கான இலவசப் பயண அட்டை, விருந்தாளியாக வந்தவருக்குக் கிடைக்காது. வார நாள் மாலை 4 முதல் 7 வரை பாதாள ரயிலில் கூடுதல் கட்டணம். ஆறரை வகுப்புக்குப் போகிறவர் பையில் அது விழும். ஆள் சேராவிட்டால் வகுப்பையே ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருவார்கள். அதனால் இரண்டாவது தெரிவு ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

வாரம் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், நடுவில் சின்ன இடைவேளை என்பதுதான் வழக்கமான அமைப்பு. (இயந்திரம் ஊற்றித் தரும் டீயைப் பற்றி ஜங்ஷன் டீக்கடையில் வளர்ந்தவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டாம்.) படிக்க வேண்டிய பக்கங்கள் முன்கூட்டியே மின்னஞ்சலில் வரும். அதை அச்செடுத்து, பத்திக்கு எண் போட்டு, ஓரத்தில் இரண்டே குறி வையுங்கள்: எது முடிவு, எது அதற்குக் காரணம். ஆசிரியர் “மூன்றாம் பத்தியைப் பாருங்கள்” என்றதும் விரல் அங்கே போக வேண்டும். பேச்சு வேகம் பிடிபடாவிட்டால் முன் வரிசைதான் மருந்து. ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வாய் வராவிட்டால் பெயரே சொல்லாமல் கையைத் தூக்கினால் போதும்; மரியாதைக்காக வாயை மூடி உட்கார்ந்தால் படிக்காமல் வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட்டின் 1641-ஆம் ஆண்டு நூலில் தியானங்கள் என்று பெயரிட்ட ஆறு பகுதிகள். வாரம் ஒன்று என்று எடுக்க வசதியானது. இரண்டாவதில் ஒரு மெழுகுத் துண்டு வரும். கூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது. தேன் சுவை, பூ மணம், குளிர்ச்சி, தட்டினால் ஓசை, எல்லாம் இருக்கும். நெருப்பருகே கொண்டுபோனதும் அத்தனையும் போய்விடும். ஆனாலும் அதே மெழுகு என்கிறோம், எதை வைத்து? இந்த இடத்தில் நம்மவர் உடனே “எல்லாம் மாயை, எங்க ஊர்ல அப்பவே சொல்லியாச்சு” என்பார். ஆசிரியர் புன்னகைத்து “சுவாரசியம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். அது பாராட்டு இல்லை அண்ணாச்சி. மெழுகு பொய் என்று டெகார்ட் அங்கே சொல்லவில்லை. அது அதே மெழுகு என்பதைப் புலன்கள் அறிவதில்லை, மனம்தான் அறிகிறது என்று வாதிடுகிறார். எந்தப் படியிலிருந்து மாயைக்குப் போனீர்கள் என்று காட்டினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

இதற்கான பயிற்சி நம்மிடமே இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதியில், கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதர் தொடங்கி எதிர்த்தரப்பை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகே மறுப்பார்கள். சொந்தக் கொள்கை அடுத்த பகுதியான சுபக்கத்தில்தான் வரும். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதிய சிவஞான முனிவர் தாமிரபரணிக் கரையில் விக்கிரமசிங்கபுரத்துக்காரர். நெல்லைப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த சுந்தரம் பிள்ளையும் தத்துவப் பேராசிரியர்தான். சித்தாந்த வகுப்புக்குப் போனவர்கள் மேற்கோளை வீட்டில் விட்டுவிட்டு, இந்த முறையைக் கொண்டுவரலாம். “டெகார்ட் சொல்வது இதுதானே?” என்று முதலில் அவர் தரப்பை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, ஆசிரியர் தலையாட்டிய பிறகு மறுப்பைத் தொடங்குங்கள்.

ஊருக்குத் திரும்பினாலும் விட்டுப்போகாது. கிரஷாம் உரைகள் இணையத்தில் இலவசம், பலவற்றுக்கு எழுத்து வடிவமும் உண்டு. லண்டனில் மாலை 6 மணி என்றால் திருநெல்வேலியில் குளிர்காலத்தில் இரவு 11.30, கோடையில் 10.30. கண் விழிக்க வேண்டாம். பதிவை மறுநாள் பாருங்கள். பாளையில் நாலைந்து பேர் கூடினால் எழுத்து வடிவத்தில் இரண்டு பக்கம் மட்டும் அச்செடுங்கள். முழு உரையையும் ஒரே மாலையில் பேச முயன்றால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும்.